வெந்நீர் ஊற்றிய கிச்சுரி

ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது அவருக்காக ஏங்குவது எந்த வகையைச் சேர்ந்த ஏக்கம்? இறந்தவருக்காக ஏங்குகிறவர்களுக்கு ஒரு திதி இருக்கிறது. அன்றைக்கு அழுதுவிட்டு மற்ற நாட்களில் வேலையைப் பார்க்கலாம். வெளியூர் போனவருக்காக ஏங்குகிறவர்களுக்கு ஒரு ரயில் இருக்கிறது. இரண்டும் இல்லாமல், இருபது வருடத்துக்குச் சற்றே குறைந்த காலம் எங்கள் தெருவில் வாழ்ந்தாள் அதசி பௌதி. அவள் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத்தான் அது தோன்றியது. புத்தகங்களில் தேடினேன். காலத்தைப் பற்றியும் இன்மையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் அடுப்பில் பானையை ஏற்றிவிட்டுக் காத்திருந்தவர்களாகத் தெரியவில்லை.

பௌதி என்றால் அண்ணி. அவளுடைய கணவன் சுபல் பசாக் எனக்கு உறவில்லை. கங்கைக் கரையில் உள்ள கால்னாவில் நாங்கள் ஒரே தெரு, அவன் என்னைவிடச் சில வயது மூத்தவன், அதனால் அண்ணன். அதனால் அவள் அண்ணி. பசாக் வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. சுபலின் அண்ணன் கௌர்தா நெய்வார். சுபல் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவான். சந்தைக்குப் போகிறவர்களுக்கே உரிய சிரிப்பும் பேச்சும் அவனிடம் இருந்தன. அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கல்யாணமாகி மூன்றாவது வருடம். ஆஷாட மாதத்தின் முதல் பெருமழை விடிவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. மழை இறங்கிய காலையில் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் என்ன சமையல் என்று கேட்க வேண்டியதில்லை. கிச்சுரிக்கு அரிசியும் பருப்பும் ஒரே பானையில் ஏறும். சுபல் சந்தைப் பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"நீ கிச்சுரியை ஏத்து. நான் படித்துறைக்குப் போய் இலிஷ் மீன் வந்திருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

அதசி பௌதி குடையை எடுத்து நீட்டினாள். இந்த மழைக்குக் குடை எதற்கு என்று சிரித்துவிட்டு அவன் நனைந்துகொண்டே போனான். பிறகு அவன் வரவில்லை.

அன்றைக்கு அவள் செய்த கிச்சுரியைப் பற்றி எனக்கு விவரமாகத் தெரியும். பல வருடம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், அவளே சொன்னாள். மைசூர்ப் பருப்பும் புழுங்கலரிசியும். கடுகெண்ணெய் புகையும் வரை காய்ந்ததும் பிரிஞ்சி இலை, காய்ந்த மிளகாய், சீரகம். வெங்காயத்தை ஓரம் கருகும் வரை வதக்கினாள், ஏனென்றால் சுபலுக்கு அப்படித்தான் பிடிக்கும். தட்டிய இஞ்சி, மஞ்சள், தோலோடு இரண்டாக வெட்டிய உருளைக்கிழங்கு. பருப்பும் அரிசியும் குழைந்து ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் போகிற நேரத்தில் நெய் விட்டு இறக்கினாள். மீன் வந்தால் பொரிப்பதற்கு வாணலியைத் தனியாக எண்ணெயோடு வைத்திருந்தாள்.

கிச்சுரிக்கு ஒரு குணம் உண்டு. அது காத்திருக்காது. இறக்கிய கையோடு சாப்பிட்டால் தளதளவென்று ஓடும். ஆற ஆற இறுகிக் கட்டியாகிவிடும். சுபலுக்கு ஓடுகிற கிச்சுரிதான் வேண்டும். அதனால் அது இறுக ஆரம்பித்ததும் அவள் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கிளறினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கரண்டி. கௌர்தா சாப்பிட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி, கைக்குழந்தை கேயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பானையை இறக்கித் தொலை என்று சொல்லிப் பார்த்தாள். அதசி பௌதி இறக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பானையில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. உப்பும் நெய்யும் போன இடம் தெரியவில்லை. பானை மட்டும் காலையில் இருந்த அதே அளவு நிறைந்திருந்தது.

படகுக்காரர்கள் வலை போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று படகு எதுவும் கவிழவில்லை. ஹவுரா போகிற வண்டியில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அக்கரையில், சாந்திபூரில், பார்த்ததாக இன்னொருவர். பிறகு மழை நின்றது. ஊர் தன் வேலையைப் பார்த்தது.

அதசி பௌதி சங்கு வளையலோடும் வகிட்டுச் சிந்தூரத்தோடும் இருந்தாள். சுமங்கலி மீன் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்பதால் சாப்பிட்டாள். கிண்டல் செய்கிறவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. "என்ன பௌதி, மீன் இன்னும் வரலையா?" என்று கேட்டு ஒரு காலத்தில் சிரித்தார்கள். அவள் பதில் சொல்லாததால் அந்தச் சிரிப்பு சில வருடத்தில் தானாகத் தேய்ந்துபோனது. ஆனால் ஒவ்வொரு ஆஷாடத்திலும் முதல் பெருமழை பிடித்ததும் அவள் அதே கிச்சுரியை ஏற்றுவாள். மீன் வாங்க மாட்டாள். அது அவன் பொறுப்பு. அந்தி வரை வெந்நீர் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதைத் தானே சாப்பிடுவாள். நான் ஒரு வருடம் அவளோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். அதில் சூட்டைத் தவிர எதுவும் இல்லை. அவள் அதை ரசித்ததாகவும் தெரியவில்லை. கிண்ணத்தின் அடி வரை குடித்தாள்.

கேயாவுக்கு நாலு வயதாகும்போது அவளுடைய அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே பெண் அதசி பௌதி. சித்தியை எங்கள் பக்கம் காக்கிமா என்போம். காக்கிமாவின் கையில்தான் கேயா வளர்ந்தாள். கேயாவுக்கு அந்த வீட்டில் ஒரு கூடுதல் வேலையும் இருந்தது. கணவனின் அண்ணனோடு ஒரு பெண் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது பசாக் வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் அது எப்போதோ தளர்ந்துவிட்டது. கௌர்தா வீட்டில் தளரவில்லை. அதனால் எல்லாப் பேச்சும் கேயா வழியாகப் போகும். "கேயா, உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அதசி பௌதி முக்காட்டை இழுத்துக்கொண்டு சொல்வாள். அவர் மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "கேயா, உங்க காக்கிமாகிட்டச் சொல்லு, நேத்துப் பருப்புல கல்லு இருந்துச்சு" என்பார் அவர். கேயா பள்ளிக்கூடம் போயிருந்தால் பூனையிடம் சொல்வார்கள்.

எங்கள் தெரு முனையில் அரசாங்கக் குழந்தைகள் மையம் திறந்தபோது எனக்கு அதில் வேலை கிடைத்தது. அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது கிச்சுரிப் பள்ளிதான். நான் தீதிமணி, அதாவது டீச்சரம்மா. சமையலுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் அதசி பௌதியைக் கேட்டேன். அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வருடம் முழுவதும், மழையோ வெயிலோ, அவள் கிச்சுரிதான் கிண்டினாள். அரசாங்க அரிசி, அரசாங்கப் பருப்பு, கொஞ்சம் எண்ணெய், மஞ்சள். முட்டை வந்த நாளில் ஆளுக்குப் பாதி.

அவள் கிச்சுரி ஊரிலேயே சிறந்தது என்று நான் எழுதப் போவதில்லை. பூஜைப் பந்தலில் வறுத்த பாசிப்பருப்பில் செய்கிறதை அதன் பக்கத்தில் வைக்க முடியாது. இன்னொரு குறையும் இருந்தது. அடுப்பின் இரண்டாவது வாயில் எப்போதும் ஒரு கெட்டிலில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தாமதமாக வந்தால், கர்ப்பிணிப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்று பேச ஆரம்பித்துவிட்டால், அவள் கை தானாக அந்தக் கெட்டிலுக்குப் போகும். வரிசையிலிருந்து ஒருத்தி கேட்பாள்.

"இது கிச்சுரியா, கங்கையா பௌதி? முகம் பார்த்துப் பொட்டு வச்சுக்கலாம் போல இருக்கு."

"வச்சுக்கோ. வச்சுட்டுக் குடிச்சுடு."

பருப்பை வீட்டுக்கு எடுத்துப்போகிறாள் என்றுகூட ஒரு முறை பேச்சு வந்தது. பானையில் பருப்புப் போடும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. தண்ணீரைக் குறை என்று நானும் பல தடவை சொன்னேன். சரி என்பாள். அடுத்த நாள் கெட்டில் மறுபடி கொதிக்கும். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி தன் கையில் ஊற்றிச் சூடும் உப்பும் பார்ப்பாள். அதை மட்டும் நான் ஒரு நாளும் நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை.

ஒருவன் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டால் அவனை இறந்தவனாகக் கொள்ளலாம் என்பது எங்கள் சாஸ்திரம். தர்ப்பைப் புல்லில் ஆள் போல ஒரு பொம்மை செய்து, தலைக்குத் தேங்காய் வைத்து, படித்துறையில் எரித்துச் சடங்கு முடித்துவிடுவார்கள். அதோடு மனைவி வளையலை உடைத்து வெள்ளை கட்டிக்கொள்வாள். மீன் போய்விடும். வெங்காயமும் பூண்டும் போய்விடும். மைசூர்ப் பருப்பும் போய்விடும். அதை மீனுக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். பிறகு அவளுக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும்தான்.

அந்தப் பன்னிரண்டு வருடம் முடிந்ததும் கௌர்தா என்னைத் தேடி வந்தார். அவர் கெட்ட மனிதரில்லை. மகாளயத்தன்று கங்கையில் இறங்கி முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறபோது அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது.

"செத்தவனுக்குத் தண்ணி விடலைன்னா அவன் அங்க தாகத்தோட நிப்பான். உசுரோட இருக்கிறவன் பேரைச் சொல்லித் தண்ணி விட்டா, நானே அவனைக் கொன்ன மாதிரி. அப்பா பேரைச் சொல்றேன், தாத்தா பேரைச் சொல்றேன், அவன் பேரு தொண்டை வரைக்கும் வருது. ஒவ்வொரு வருஷமும் முழுங்கிட்டு வரேன். நீ சொன்னா அவ கேப்பாம்மா. சொல்லு."

நான் சொன்னேன். அதசி பௌதி பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம், தீதிமணி" என்றாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள். கௌர்தா கோபப்பட்டார், கேயா வழியாகவும் பூனை வழியாகவும் கோபப்பட்டார். புரோகிதரையே ஒரு முறை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். அதசி பௌதி அவருக்கு வெல்லமும் தண்ணீரும் கொடுத்து அனுப்பி வைத்தாள். இப்படியே ஆறு வருடம் போனது. அவள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்று நான் யோசித்திருக்கிறேன். அவன் வருவான் என்று நம்பியதாகத் தோன்றவில்லை. நம்புகிறவர்கள் வாசலைப் பார்ப்பார்கள், அவள் பார்ப்பதில்லை. அவன் இறந்துவிட்டான் என்று தன் வாயால் சொல்ல மறுத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கேயாவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம். கார்த்திகைக்கு அடுத்த அக்ரஹாயண மாதத்தில் முகூர்த்தம். அந்த ஆஷாடத்தில் ஒரு நாள் காலையிலிருந்து விடாத மழை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களைச் சாப்பிடவைத்துச் சீக்கிரம் அனுப்பிவிட்டோம். பானையில் நிறைய மிஞ்சியிருந்தது. நான் உள்ளே ஒழுகுகிற இடத்தில் வாளியை நகர்த்திக்கொண்டிருந்தேன். அதசி பௌதி அடுப்புச் சாம்பலை வழித்துக்கொண்டிருந்தாள்.

தாழ்வாரத்தில் ஒரு ஆள் ஒதுங்கினார். வழுக்கை, தொப்பை, கம்பி உடைந்த குடை. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் தெருப் பக்கம் பார்த்து நிற்பார்கள். இவர் உள்ளே பார்த்து நின்றார்.

"அதசி."

குரலை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மணையைத் தாழ்வாரத்தில் நனையாத இடமாகப் பார்த்துப் போட்டாள். மையத்து அலுமினியத் தட்டைக் கழுவித் துடைத்தாள். பானைக் கிச்சுரி அதற்குள் நன்றாக இறுகியிருந்தது. பக்கத்தில் கெட்டில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கரண்டியால் அப்படியே வெட்டி எடுத்துத் தட்டில் வைத்தாள். அது ஓடாமல் வெட்டிய வடிவத்திலேயே நின்றது.

சுபல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். நான் உள்ளேயே இருந்தேன். போயிருக்கலாம், ஆனால் வெளியே போக அந்தத் தாழ்வாரத்தைத் தவிர வேறு வழி இல்லை.

"நீ இங்க இருக்கேன்னு படித்துறையில சொன்னாங்க. நான் வடக்கே, சிலிகுரிப் பக்கம் இருக்கேன். துணிக்கடை. அங்க எனக்கு…"

"ஆறிப் போயிருக்கு. சாப்பிடுங்க."

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். "ரெண்டு பொண்ணுங்க" என்றான் தட்டைப் பார்த்தபடி. மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் போனது… அதசி, நான் நிஜமாவே மீன் வாங்கத்தான்…"

"பச்சை மிளகாய் வேணுமா?"

அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தான். அவள் மறுபடி ஒரு கரண்டி வெட்டி அவன் தட்டில் வைத்தாள். இந்த மாதிரி மூன்று தடவை. தன் வாழ்க்கையில் பாதியைத் தின்ற ஒரு கேள்விக்கு விடை எதிரே வந்து உட்கார்ந்து வாயைத் திறக்கிறது. அவள் அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். நானாக இருந்தால் மீன் கிடைத்ததா என்றாவது கேட்டிருப்பேன்.

தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவன் கேட்டான்.

"வீட்டுக்கு வரட்டுமா? அண்ணன் இருக்காரா?"

அவள் ஆற்றுப் பக்கம் பார்த்தாள். "தண்ணி ஏறுது. இன்னும் ஏறினா படகை நிறுத்திடுவாங்க. இப்பவே போனீங்கன்னா அடுத்த படகு கிடைக்கும்."

"இருக்கச் சொல்ல மாட்டியா?"

"அங்க இருக்கிறவங்க தேடுவாங்க" என்றாள்.

அவன் எழுந்து கை கழுவ அவளே தண்ணீர் ஊற்றினாள். குடையை விரிக்க அவன் கொஞ்சம் சிரமப்பட்டான். பிறகு படித்துறைப் பக்கம் நடந்தான். அவள் அவன் போவதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தீதிமணி, இன்னிக்கு நான் ருசி பார்க்க மறந்துட்டேன். உப்பு சரியா இருந்துச்சா?"

நானும் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தது என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் அதே சிந்தூரம், அதே வளையல், அதே நேரத்தில் வேலை. அவனை வேறு யாரும் அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. படித்துறையில் இருப்பவர்கள் எல்லாம் புது ஆட்கள். அவள் இனி என்ன செய்வாள் என்பதற்கு எனக்குள் ஒரு விடை தயாராக இருந்தது. கணவன் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். இனி யார் வந்து கேட்டாலும் நிம்மதியாக முடியாது என்று சொல்லலாம். அவள் சிந்தூரத்துக்கு முதல் முறையாக ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. இப்படித்தான் நினைத்தேன்.

துர்கா பூஜை முடிந்தது. கல்யாண வேலைகள் சூடு பிடித்தபோது கௌர்தாவே மாறிவிட்டார். காரணம் எளிது. மாப்பிள்ளையை வாசலில் வரவேற்கவும், பெண்ணுக்கு மஞ்சள் பூசவும், விடிவதற்கு முன் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரவும் வீட்டில் ஒரு சுமங்கலி வேண்டும். கேயாவுக்கு அம்மா இல்லை. அதசி பௌதியை விட்டால் அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஆறு வருடமாகச் சடங்கு செய்யச் சொல்லி நச்சரித்தவர் இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் பயந்தார். கேயா தன் பங்குக்குச் சபதமே போட்டிருந்தாள்: காக்கிமா மஞ்சள் பூசவில்லை என்றால் மணையில் உட்கார மாட்டேன்.

கார்த்திகை மாதத்து ஒரு மாலை. கல்யாணத்துக்குச் சமையல்காரர் யார் என்று பேசுவதற்காக என்னை வரச் சொல்லியிருந்தார்கள். கௌர்தா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அதசி பௌதி அரிவாள்மணையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கேயா வெற்றிலைத் தட்டோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

கௌர்தா தொண்டையைச் செருமினார். "கேயா, உங்க காக்கிமாகிட்டச் சொல்லு. அந்த விஷயம் இனி வேண்டாம். நான் கேக்க மாட்டேன். அவங்க இஷ்டம் எப்பவோ, அப்பவே நடக்கட்டும். அவன் இத்தனை வருஷம் தாகமா இருந்தான், இன்னும் கொஞ்ச நாள் இருந்தாச் செத்தா போயிடுவான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. கேயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கௌர்தாவும், ரொம்ப நாளைக்குப் பிறகு, கொஞ்சம் சிரித்தார்.

அதசி பௌதி கிழங்கைத் திருப்பி நறுக்கினாள்.

"கேயா, உங்க அப்பாகிட்டச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடியே புரோகிதரைக் கூப்பிடச் சொல்லு. பொம்மையை எரிச்சுடலாம்."

கேயா அசையவில்லை. மூன்று அடி தள்ளி இருந்த கௌர்தாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் மகளைப் பார்த்தபடியே இருந்தார். மகள் சொல்லாதவரை அவர் காதில் விழவில்லை என்றுதான் கணக்கு.

"நான் சொல்ல மாட்டேன் காக்கிமா."

"சொல்லும்மா."

"அப்ப எனக்கு யாரு மஞ்சள் பூசுவா?"

"தீதிமணி பூசுவாங்க. அவங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு."

கேயா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, "அப்பா, காக்கிமா என்ன சொல்றாங்கன்னா…" என்று தொடங்கினாள், முடிக்க முடியவில்லை. கௌர்தாவுக்கு அது போதும். அவர் கேட்டுவிட்டதாக ஆகிவிட்டது. இத்தனை வருடம் அவர் காத்திருந்த சொல் அது. இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத மாதிரி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"ஏன்னு கேளு, கேயா" என்றார் கடைசியில்.

"ஏன் காக்கிமா?"

நறுக்கிய கிழங்கு கறுத்துப் போகாமலிருக்க அதசி பௌதி அதைத் தண்ணீரில் அள்ளிப் போட்டாள். பிறகு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும், நான் அதைச் சொன்னால் இந்தச் சடங்கு நடக்காது. அதசி பௌதிக்கும் அது தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பேசாதே என்று சைகை காட்டவில்லை, கெஞ்சவில்லை. நான் என்ன செய்தாலும் சரி என்பது போல நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சமையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

பிறகு வந்த நாட்களில் நான் பல விளக்கங்களை யோசித்தேன். கோபம் என்று பார்த்தேன். அவளிடம் கோபத்தின் வேகம் இல்லை. கௌர்தாவின்மேல் இரக்கம் என்று பார்த்தேன். இரக்கமாக இருந்தால் ஆறு வருடம் முன்பே வந்திருக்கலாம். அவள் இவ்வளவு நாள் காத்திருந்தவன் வேறு, தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தவன் வேறு, காத்திருந்தவன் அன்றைக்குத்தான் இறந்தான் என்றும் ஒரு விளக்கம் சொல்லலாம். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே அதை நான் நம்பவில்லை. எந்த விளக்கமும் அவளுடைய கேயாவின் கல்யாணத்திலிருந்து அவளே விலகி நிற்கிற அளவுக்கு எடை உள்ளதாகத் தெரியவில்லை.

தேய்பிறையில் ஒரு நாள் பார்த்துப் புரோகிதர் வந்தார். தர்ப்பையைக் கட்டி, பலாச இலைகளைச் சுற்றி, கைகால் வைத்து ஒரு ஆளைப் படித்துறையில் கிடத்தினார்கள். ஒரு குழந்தையின் நீளம்தான் இருந்தது. கௌர்தா தீ வைத்தார். வைக்கும்போது தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொன்னார், மறுபடியும் சொன்னார். புல் சீக்கிரம் எரிந்துவிட்டது. தேங்காய்தான் நேரம் பிடித்தது.

வழக்கத்தில் வேறு விதவைகள் பிடித்து வளையலை உடைப்பார்கள். அதசி பௌதி அவர்களுக்குக் காத்திருக்கவில்லை. கல்படியில் உட்கார்ந்து தானே இரண்டு கையையும் தட்டி உடைத்தாள். வகிட்டைத் துடைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி முழுகினாள். மேலே படியில் கேயா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையில் வெள்ளைச் சேலையை வைத்திருந்தேன். அக்கரைக்குப் போகிற படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதசி பௌதி சொட்டச் சொட்ட ஏறி வந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.